இல்லாத பிரேக்

பின்னால் பார்க்காமல் பின்னால் போகாதே. இந்த ஒரு வாக்கியத்தை விற்றுத்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். டிரைவிங் ஸ்கூலில் எனக்கு மாஸ்டர் என்று பெயர். என்னிடம் ஓட்டப் பழகியவர்கள் சிலர் தூக்கத்தில்கூட என் குரல் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பயிற்சி மைதானத்தில் ஒரு பல் டாக்டர் அம்மாவுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் காருக்குள், நான் வெளியே. "வாங்க, வாங்க, இன்னும் வாங்க. பின்னாடி பாருங்க. கண்ணாடிய மட்டும் நம்பாதீங்க" என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நானும் பின்பக்கமாகவே நடந்துபோனேன். மைதானத்தின் ஓரத்தில் மழைத் தண்ணீர் போகிற கால்வாய்க்கு இரும்புக் கம்பியால் மூடி போட்டிருக்கிறார்கள். அதன் இடுக்கில் என் வலது ஷூவின் முன்பகுதி வசமாக மாட்டியது. விரல்கள் அங்கேயே நிற்க, மீதி நான் முழுவதும் பின்னால் சாய்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தேன். பாதத்துக்குள் ஏதோ விட்டுப்போன சத்தம் எனக்குக் கேட்டது.

நான் சொன்னபடி பின்னால் பார்த்துக்கொண்டிருந்ததால் பல் டாக்டர் அம்மா நான் விழுந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டார். அவ்வளவு நேர்த்தியாக அவர் அதற்கு முன் நிறுத்தியதே இல்லை. பின்னால் பார்க்காத ஆள் அந்த மைதானத்தில் ஒருவன்தான்.

வெறும் சுளுக்கு என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியது டாக்டர் இல்லை, நான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவனுக்கு டாக்டர் எதற்கு? மறுநாள் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். அதற்கும் மறுநாள் உள்ளங்கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் என் சட்டையை எடுத்து என் மேல் போட்டாள். அவள் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

எலும்பு டாக்டர் என்னை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். நிற்கும்போது நான் விட்ட சத்தத்தில் அடுத்த அறையில் இருந்த ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"நடுப்பாதத்துல அடி. பாதத்துக்கு நடுவுல இருக்கற எலும்புங்க எல்லாம் வளைவு கட்டின செங்கல் மாதிரி ஒண்ணுக்கொண்ணு முட்டுக்குடுத்து நிக்கும். அதுங்கள இழுத்துக் கட்டற தசைநார் உங்களுக்கு அறுந்துபோச்சு. எலும்பு விலகியிருக்கு. இதோட நடந்து வேற இருக்கீங்க" என்றார்.

"சுளுக்குன்னு நினைச்சேன்."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் எக்ஸ்ரேயை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தகடு வைத்துத் திருகு போடவேண்டும் என்றார். வாரக்கணக்கில் கால் தரையில் படக் கூடாது. அதன் பிறகும் எலும்பு விலகினால், அந்த மூட்டுகளையே ஒன்றோடொன்று ஒட்டிப் பூட்டிவிட வேண்டியதுதான். பூட்டினால் நடக்கலாம், ஆனால் பாதம் நடுவில் வளைந்து கொடுக்காது, திடீரென்று ஓங்கி மிதிக்கவும் வராது.

மிதிக்க வராது என்ற வார்த்தையில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்கார்கிற பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் சொதப்பும்போது அதை மிதித்து வண்டியை நிறுத்துவதுதான் எங்கள் தொழில். ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்த முதலாளி இதை எனக்கு இன்னும் தெளிவாக விளக்கினார்.

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசறதுக்கு நான் சம்பளம் குடுக்கல. அந்தப் பக்கத்து பிரேக்குக்குத்தான் குடுக்கறேன். கால் சரியாகி வாங்க. நானே வண்டில உக்காந்து பாப்பேன். மிதிச்சீங்கன்னா சீட்டு உங்களுது. இல்லன்னா ஆபீஸ்ல போன் எடுக்கற வேலை இருக்கு."

போன் எடுக்கும் வேலை. என் குரலைக் கேட்டால் எவனாவது டிரைவிங் ஸ்கூலில் சேருவானா?

ஆபரேஷன் முடிந்தது. வீட்டில் வலது காலைத் தலையணை மேல் வைத்து, இடது காலால் தத்தித் தத்திக் குளியலறைக்குப் போகிற வாழ்க்கை ஆரம்பமானது. மனைவி துறைமுகத்தில் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கண்டெய்னர்களையே அடுக்கவைப்பவள் என்னை அடுக்குவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. தண்ணீர், மருந்து, ரிமோட் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, "எழுந்தீங்கன்னு தெரிஞ்சது..." என்று பாதியில் நிறுத்திவிட்டுப் போவாள். மீதியை நான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு முழங்கால் வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் பூட்ஸ் மாட்டினார்கள். வாரத்தில் சில நாள் பிசியோதெரபிக்கு வரவேண்டும் என்றார்கள். யார் கூட்டிக்கொண்டு போவது? மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டிரைவிங் மாஸ்டரின் மனைவிக்கு ஓட்டத் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு அவளே பதில் வைத்திருக்கிறாள்: "அவர்கிட்ட மூணு நாள் கத்துக்கிட்டேன். குடும்பம் முக்கியம்னு விட்டுட்டேன்." வாடகைக் கார் வைத்துப் பார்த்தோம். முதல் டிரைவர் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். இரண்டாமவர் இறக்கிவிடவில்லை, தானே இறங்கிக்கொண்டு, "நீயே ஓட்டிட்டுப் போ" என்று சாவியை நீட்டினார்.

அப்போதுதான் மாமியார், "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

என் மாமியார் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் டைப் அடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், என்னிடம் இல்லை. எங்கள் தெருவுக்கு எதிர்த் தெருவில் இருக்கும் போட்டி ஸ்கூலில். "மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்துகிட்டு, நான் கால நீட்டி கிளட்ச மிதிச்சா மரியாதையா இருக்குமா?" என்று மகளிடம் சொன்னாராம். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. முதலாளிக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மாமியார் என்னை வாங்க போங்க என்பார். நான் அவரை அத்தை என்பேன். அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியதில்லை, என் எதிரில் அவர் யாரையும் குறை சொன்னதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் பேச்சு, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழை வரும்போல இருக்கு, ஆமாம், என்பதைத் தாண்டிப் போனதில்லை. அந்த வீட்டில் என்னைவிட மரியாதையான மருமகன் இல்லை. இருந்தது நான் ஒருவன்தான் என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவரின் சின்னக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். அத்தை சீட்டில் ஒரு குஷனைப் போட்டு, ஸ்டியரிங்குக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிபார்த்து, நின்றுகொண்டிருக்கிற வண்டியைக் கடப்பதற்கும் சிக்னல் போட்டு ஓட்டினார். மோசமாக ஓட்டினார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் நான் பிரேக் போட்டிருப்பேன் என்று நினைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் அப்பால்தான் அவர் போட்டார். அந்தக் கொஞ்ச தூரத்தில் என் உயிர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பும். வேறு யாராவது ஓட்டினால் நடுரோட்டில் வகுப்பு எடுத்திருப்பேன். அத்தையிடம் எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு, "மழை வரும்போல இருக்கு அத்தை" என்றேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பிசியோவில் இருந்த பெண் சின்ன வயசு. கையில் மட்டும் பயில்வான் பலம். முதல் நாள் பூட்ஸைக் கழற்றிக் காலைப் பார்த்ததும் முகம் மாறினார். "நேத்து வீட்டுல நடந்தீங்களா சார்?"

"இல்லம்மா."

"அடிப்பக்கம் இவ்வளவு வீங்கியிருக்கே."

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். வீட்டில் இருக்கிற நாட்களில் கால் நல்ல பிள்ளையாகக் கிடக்கும். பிசியோவுக்குப் போகிற நாளில் மட்டும் அங்கே போய்ச் சேர்வதற்குள் வீங்கிவிடும். பிசியோ என் மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அன்று மாலையிலிருந்து வீடு சிறைச்சாலை ஆனது. கக்கத்தில் ஊன்றுகிற என் இரண்டு கட்டைகளையும் மனைவி படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். குளியலறைக்குப் போகவேண்டுமென்றால் நான் கூப்பிட வேண்டும், அவள் வர வேண்டும், வெளியில் நிற்க வேண்டும்.

"சத்தியமா நான் நடக்கல" என்றேன்.

"சுளுக்குன்னும் சத்தியம் பண்ணீங்க" என்றாள்.

எலும்பு டாக்டரிடம் போனபோது அவரும் புது எக்ஸ்ரேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு திருகு லேசாக இளகின மாதிரித் தெரிவதாகவும், அடுத்த எக்ஸ்ரேயிலும் இதே கதை என்றால் பூட்டிவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். வெளியே வரும்போது எனக்குக் கண்ணை இருட்டியது. இனி ஆபீஸில் உட்கார்ந்து, "வணக்கம், எங்ககிட்ட ரெண்டு சக்கரம், நாலு சக்கரம் எல்லாம் கத்துக்குடுப்போம்" என்று சொல்லிக்கொண்டே சாக வேண்டியதுதான் என்று நினைத்தேன். செய்யாத தப்புக்குத் தண்டனை என்று கடவுள் மேலேயே கோபம் வந்தது. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. "மழை வரும்போல இருக்கு" என்று மட்டும் சொன்னார். என்னைத் தேற்றுகிறாராம்.

குட்டு வெளிப்பட்டதற்குக் காரணம் பிசியோவின் ஸ்கூட்டர். ஒரு நாள் அது பஞ்சராகி நின்றது. அவர் வீடு எங்கள் வழியில்தான் என்பதால் அத்தை அவரையும் ஏற்றிக்கொண்டார். பிசியோ பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து வந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்குகிற சத்தம் என்று பிறகுதான் புரிந்தது.

"அம்மா, அந்த மரத்துகிட்ட ஓரமா நிறுத்துங்களேன்" என்றார்.

அத்தை வேகத்தைக் குறைத்தார்.

"பாருங்க, பாருங்க. இப்பவும்."

குனிந்து பார்த்தேன். என் வலது முழங்கால் விறைத்துக்கொண்டு நின்றது. பூட்ஸின் நுனி கார் தரையில் இருந்த ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. சும்மா அழுத்தவில்லை, உடம்பின் முழு பாரத்தையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது. விரிப்பில் அந்த இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது.

"உங்க காலுக்குக் கீழ என்ன சார் இருக்கு?"

"மேட்."

"அப்ப எத மிதிக்கறீங்க?"

இத்தனை வருஷமாக அந்தச் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, பிரேக் இருக்கிறதா இல்லையா என்று கால் என்னைக் கேட்பதையே விட்டுவிட்டது. சிக்னல், வளைவு, குறுக்கே வருகிற சைக்கிள், எல்லாவற்றுக்கும் அது பாட்டுக்கு மிதித்திருக்கிறது. கடவுள் மேல் கோபப்பட்டதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"வீட்டுல கால் தரையில படக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரம்மா காவல் காக்கறாங்க. நீங்க கார்ல உக்காந்துகிட்டே ஓடிட்டு இருக்கீங்க" என்றார் பிசியோ. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது சிரிக்கற விஷயம் இல்ல. இப்படியே போனா திருகு நிக்காது" என்றார்.

அத்தை முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் மாப்பிள்ளைக்குக் கால் மரத்துப்போகுதுன்னு நினைச்சேன்."

பிசியோ உத்தரவுப்படி அன்றிலிருந்து பின்சீட்டுக்கு மாறினேன். கால் நீட்ட வசதியாக அத்தைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று நானும் நினைத்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னை முறைத்தாள்.

"எங்கம்மாவ எதுக்கு உதைக்கறீங்க?"

"யாரு உதைச்சா?"

"போற வழியெல்லாம் முதுகுல உதைக்கறீங்களாம். மாப்பிள்ளை ஏதோ கோவத்துல இருக்கார், நீ எதுவும் கேட்டுக்காதேன்னு சொன்னாங்க. அதான் கேக்கறேன்."

தரை கிடைக்காத கால், முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சிக்னலுக்கும் அந்த அம்மாவின் முதுகில் ஒரு மிதி. அவரும் பெரிய மனசு பண்ணி அதை வாங்கிக்கொண்டு, இறங்கும்போது கதவையும் திறந்துவிட்டு, "பாத்து இறங்குங்க மாப்பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். மானம் கப்பலேறியது என்பார்கள். என்னுடையது கண்டெய்னரில் ஏறி என் மனைவி கையெழுத்துப் போட்டே போயிருக்கும்.

பிசியோவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "சாதாரணமா பாடம் எடுக்கும்போது என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"வாயும் பேசும், காலும் தயாரா இருக்கும்."

"இவங்ககிட்ட வாய் பேசலியே. அதான் எல்லாமே காலுக்குப் போகுது. மறுபடி முன்னாடி உக்காருங்க. பிரேக் போடணும்னு தோணினா வாயால சொல்லுங்க. சொல்லும்போது ரெண்டு காலையும் பின்னாடி இழுத்து வெச்சுக்கோங்க."

"அவங்க என் மாமியாரும்மா."

"சரி சார். எலும்பப் பூட்டறதா, மாமியார்கிட்ட பேசறதா, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் உண்மையாகவே யோசித்தேன்.

மறுபடி முன்சீட்டு. கால்களைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். முதல் சிக்னல் வந்தது. "அத்தை" என்றேன்.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"ஒண்ணுமில்ல."

அடுத்த திருப்பத்திலும் அத்தை என்று கூப்பிட்டு, ஒன்றுமில்லை என்று முடித்தேன். மூன்றாவது தடவை அவருக்கே சந்தேகம் வந்து, வாந்தி வருகிறதா என்று கேட்டார். அப்போது முன்னால் போன லாரி சட்டென்று பின்பக்கச் சிவப்பு விளக்கைப் போட்டது. "பிரேக்" என்று கத்திவிட்டேன். அத்தையும் இல்லை, மரியாதையும் இல்லை. மைதானத்தில் கத்துவேனே, அந்தக் கத்தல். அத்தை மிதித்தார். வண்டி லாரிக்கு நிறைய இடம் விட்டு நின்றது.

என் கல்யாண வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன்.

"இத்தனை நாளா இதத்தான் முழுங்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார் அத்தை.

"ஆமா அத்தை."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் கடுமையான வார்த்தை அதுதான். அதைக் கேட்டு எனக்குள் ஏதோ அவிழ்ந்தது. அன்றிலிருந்து பிசியோவுக்குப் போகும் வழி முழுக்க நான் வாய் ஓயாமல் பேசினேன். கியர மாத்துங்க, கண்ணாடியப் பாருங்க, இப்ப மெதுவா, இப்ப பிரேக். நான் சொன்ன மறுகணம் மிதிப்பார். ஆனால் சும்மா மிதிக்க மாட்டார், பதிலும் சொல்வார். கோர்ட்டில் இருந்தவர் இல்லையா, நான் சொன்னது ஒவ்வொன்றும் அவருக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. "முந்தாநாள் இதே வளைவுல சரியா இருக்குன்னீங்க. இன்னிக்கு லேட்டுங்கறீங்க. எது சரி?" என்பார். "பிரேக் போடுங்கன்னு சொல்லிட்டு, போட்டதும் எதுக்கு இவ்வளவு அழுத்தறீங்கன்னு கேட்டா நான் என்னதான் பண்ணட்டும்?" என்பார். பாதி நாள் இறங்கும்போது நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினோம். மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு நாள் என் மனைவியிடம், "உங்கம்மாவுக்கு ரொம்ப வாய்" என்றேன். "அம்மாவும் உங்களப் பத்தி இதையேதான் சொன்னாங்க" என்றாள். எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது.

கால் வீங்குவது நின்றது. அடுத்த எக்ஸ்ரேயில் திருகு மேற்கொண்டு இளகவில்லை, எலும்பும் விலகவில்லை என்றார் எலும்பு டாக்டர். பூட்ஸ் போனது. கட்டைகள் போயின. பிசியோ என்னைக் குதிகாலைத் தூக்கவைத்தார், ஒற்றைக் காலில் நிற்கவைத்தார், துண்டை விரல்களால் சுருட்டவைத்தார். நான் ஒரு துண்டைச் சுருட்டுவதற்குள் ஒரு குழந்தை நடை பழகிவிடும். ஆனாலும் சுருட்டினேன். கடைசியில், "நீங்க இனிமே மிதிக்கலாம் சார்" என்றார். முதலாளிக்குப் போன் போட்டேன்.

பயிற்சி மைதானத்துக்கு அத்தைதான் கூட்டிவந்தார். கோடியில் பழைய டயர்களை மதில் மாதிரி அடுக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஓட்டுகிறவர் நேராக டயரைப் பார்த்து ஓட்ட வேண்டும். கோடு வந்ததும் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்த வேண்டும். ஓட்டுவதற்கு முதலாளி ஆள் தேடியபோது அத்தை தானே முன்வந்தார். போட்டி ஸ்கூலில் கற்றுக்கொண்டவர் என்று முதலாளிக்குத் தெரியும். "பாக்கலாம், அவங்க என்ன சொல்லிக்குடுத்திருக்காங்கன்னு" என்று ஸ்கூல் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "அம்மா, நீங்க பிரேக்கத் தொடக் கூடாது. மாஸ்டர்தான் நிறுத்தணும்" என்றார்.

என் சீட்டில் உட்கார்ந்தேன். காலுக்கு அடியில் நிஜமான பிரேக். வண்டி கிளம்பியது, வேகம் எடுத்தது. கோடு வந்தது. "பிரேக் அத்தை" என்றேன். அத்தை மிதித்தார். வண்டி கோட்டில் நின்றது.

பின்னாலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், உங்க கால் எங்க?" என்றார்.

பார்த்தேன். இரண்டு கால்களும் சீட்டுக்கு அடியில் பத்திரமாக ஒதுங்கியிருந்தன.

"பழக்க தோஷம். நாந்தான் மிதிச்சிட்டேன்" என்று அத்தை பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். ஆனால் எனக்குத் தெரியும். வாய் அவ்வளவு சுலபமாக முந்திக்கொண்டதற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை. கால் பயந்திருந்தது. இல்லாத பிரேக்கை மாசக்கணக்கில் மிதித்த கால், இருக்கிற பிரேக்கைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டது. விழுந்த அன்று கேட்ட அந்தச் சத்தம் மறுபடியும் உள்ளே கேட்டுவிடுமோ என்ற பயம்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போன் வேலையும் கௌரவமான வேலைதான் மாஸ்டர்" என்று ஆரம்பித்தார்.

"இன்னொரு தடவ போலாம்" என்றார் அத்தை. என் பக்கம் திரும்பவில்லை. "மாப்பிள்ளை, இந்தத் தடவ நீங்க என்ன சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

வண்டியை ஆரம்ப இடத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். கிளம்பினார். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். இவ்வளவு வேகத்தில் அவர் போய் நான் பார்த்ததே இல்லை. கோடு நெருங்கியது. "அத்தை, போதும்" என்றேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தை, பிரேக்." கேட்கவில்லை. கோட்டைத் தாண்டினோம். "அத்தை, சொல்றேன்ல, அத்தை" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே டயர்கள் முன்கண்ணாடியை நிறைத்துக்கொண்டு வந்தன. முதலாளி பின்னால் ஏதோ சாமியைக் கூப்பிட்டார்.

மிதித்தேன். நான் மிதித்தேன் என்று சொல்வது பெருமைக்கு, கால் மிதித்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்று, என்ஜின் அணைந்தது. கையை நீட்டினால் டயரைத் தொடலாம். வலி வரும் என்று காத்திருந்தேன். வலி வரவில்லை.

முதலாளி இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "திங்கக்கிழம காலைல வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸைப் பார்த்து வேகமாக நடந்தார். நிழலில் போய்த் தண்ணீர் குடிக்கத்தான் போகிறார் என்று நடையிலேயே தெரிந்தது.

நான் அத்தையிடம் என்னவோ சொல்லத் திரும்பினேன். அப்போதுதான் கீழே பார்த்தேன்.

அத்தையின் செருப்புகள் பெடல்களுக்கு முன்னால் கிடந்தன. கால்கள் அங்கே இல்லை. இரண்டு வெறுங்கால்களையும் சீட்டுக்கு அடியில், எவ்வளவு பின்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு பின்னால் இழுத்து, ஒன்றோடொன்று பின்னிவைத்திருந்தார். விரல்கள் சுருண்டிருந்தன. தப்பித் தவறிக்கூடத் தன் கால் முந்திவிடக் கூடாது என்று செருப்பைக் கழற்றி, காலை எடுத்திருக்கிறார். பயந்திருக்கிறார். பயந்துகொண்டே எடுத்திருக்கிறார். வாயைத் திறக்கும் வரைக்கும் இவர் ஓட்டிய காரில் என்னால் ஒரு சிக்னலுக்குக்கூட என் காலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. இவர் அந்த வேகத்தில், என் தகடு வைத்த காலை நம்பி, தன்னுடைய இரண்டையும் எடுத்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வண்டில செருப்ப இப்படிக் கழட்டிப் போடக் கூடாது அத்தை" என்றேன். "பெடலுக்கு அடியில மாட்டிக்கும்."

"சரி மாப்பிள்ளை" என்றார். கைகள் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

இறங்கி, காரைச் சுற்றிப் போய், அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். குந்தி உட்கார்ந்து, பெடல்களுக்கு முன்னால் கையை விட்டுச் செருப்புகளை எடுத்தேன். "ஐயோ, நீங்க எதுக்கு மாப்பிள்ளை" என்றார். அவர் காலருகில் வைத்தேன். அவரால் உடனே போட்டுக்கொள்ள முடியவில்லை, கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அது அடங்கும் வரைக்கும் நான் அங்கேயே குந்தியிருந்தேன்.